எண்ணூர் கழியும் மீஞ்சூர் வயலும் ஒரே காலையில்: எதை முதலில் பார்ப்பது?

கரைநடை எழுதியது:
வணக்கம். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பறவை பார்க்க நாலு பேர் போறோம். எண்ணூர் கழிமுகம், அதுக்கப்புறம் மீஞ்சூர்–பொன்னேரி வயல்கள். முடிஞ்சா பழவேற்காடும். கார் கிடையாது, ரயிலும் ஷேர் ஆட்டோவும்தான். கையில் இருப்பது 8x42 பைனாகுலர் ரெண்டு, 20-60 ஸ்கோப் (20 முதல் 60 மடங்கு பெருக்கும் தொலைநோக்கி) ஒண்ணு. காலை 6 மணியிலிருந்து 11 மணிக்குள் முடிக்கணும். விடியும்போது நீர்நிலையில் நிக்கணும், வெயில் ஏறினதும் வயலுக்குப் போகலாம்னு கணக்கு. இந்த வரிசை சரியா? நாலு பேருக்குமே உள்ளான் வகையறாவில் (சேற்றில் மேயும் கரைப்பறவைகள்) தடுமாற்றம், அதுக்கும் யாராவது சொல்லுங்க.

வத்துக்கழி எழுதியது:
வரிசையைச் சூரியனை வைத்துப் போட்டிருக்கிறீர்கள். கழிமுகத்துக்கு அது ஒத்துவராது. அங்கே தண்ணீர்தான் கடிகாரம்.

சென்னைக் கடற்கரையில் கடல்நீர் ஏறி இறங்கும் உயரம் அதிகம் போனால் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். கட்ச் வளைகுடா மாதிரி கிலோமீட்டர் கணக்கில் சேறு திறந்துவிடாது. ஆனால் எண்ணூரில் சேற்றுத்திட்டு தட்டையானது. பத்து சென்டிமீட்டர் வற்றினாலே அகலமான ஒரு பட்டை வெளியே தெரியும். உப்புக்கொத்தி, கொசு உள்ளான், பவளக்காலி எல்லாம் மேய்வது அந்தப் பட்டையில். தண்ணீர் ஏறியதும் அதே பறவைகள் மணல்திட்டிலோ உப்பளப் பக்கமோ கூட்டமாக ஒதுங்கி, ஒற்றைக்காலில் தூங்கும். விடியற்காலை 6.30க்கு நிறைந்த தண்ணீரில் போய் நின்றால் கூழைக்கடாவும் நீர்க்காகமும் மட்டும் பார்த்துவிட்டு, 'எண்ணூரில் ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அப்படி எழுதினவர்கள் நிறைய.

செய்ய வேண்டியது: சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையில் (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) காலை 7.30–8.30 வாக்கில் தண்ணீர் மிகக் குறையும் நாளைத் தேர்ந்தெடுங்கள். நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு விடிகாலையில் வற்றம் என்றால் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் ஏறக்குறைய நிறைந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஒன்றிரண்டு நாளில் ஏற்ற இறக்கம் அதிகம். அஷ்டமியை ஒட்டி மிகக் குறைவு, சேறு திறப்பதே தெரியாது. அதனால் தேதி முதலில், வரிசை பிறகு.

இரண்டு எச்சரிக்கை. துறைமுக அட்டவணை கடலோரத்துக்கானது. கழிக்குள் போகப் போகத் தண்ணீர் வற்றுவது தாமதமாகும். அடுத்தது, முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டிவிட்டால் அட்டவணை வெறும் காகிதம். மழைக்காலத்தில் கொசஸ்தலையாற்று வெள்ளம் முகத்துவாரத்தைத் தானாக அகலப்படுத்தும், அதன் பின் அலை மறுபடி மணலைச் சேர்க்கும். போகும் முன் அந்தப் பக்கத்து மீனவர் யாரிடமாவது 'முகத்துவாரம் திறந்திருக்கா, தண்ணி ஓட்டம் இருக்கா' என்று கேட்டுவிடுங்கள்.

மீஞ்சூர் மடையான் எழுதியது:
அண்ணா சொல்றது கழிக்கு சரி. வயலுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. என்னைக் கேட்டா வயல்தான் முதல்ல.

காரணம்: மஞ்சள் வாலாட்டி, தகைவிலான் எல்லாம் ராத்திரி நாணல்ல கூட்டமா அடையும், விடிஞ்ச அரைமணி நேரத்துல வயலுக்குச் சிதறும். அந்த நேரத்துல ஒரு வரப்புல நின்னா தலைக்கு மேல போறதையே எண்ணலாம். சேற்றுப் பூனைப்பருந்தும் விடிஞ்சதும் தாழப் பறந்து வயலைத் துழாவ ஆரம்பிச்சிரும். எட்டரை மணிக்கு மேல இது எல்லாமே மந்தமாகிடும்.

இன்னொண்ணு: 'வயல்'னு பொதுவா போகக்கூடாது, எந்த நிலையில இருக்குற வயல்னு பாக்கணும். ஜனவரியில மீஞ்சூர்–பொன்னேரி பக்கம் மூணு நிலையும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கும்.
சம்பா அறுத்த தாள்: ஈரம் இருந்தா விசிறிவால் உள்ளான், நெட்டைக்காலி. காஞ்சு போச்சுன்னா வானம்பாடி மட்டும்.
நவரைக்கு (சம்பாவுக்கு அடுத்த நெல் போகம்) டிராக்டர் சேறடிக்கிற வயல்: இதுதான் ஜாக்பாட். உண்ணிக்கொக்கு டிராக்டர் பின்னாடியே நடக்கும், பொரி உள்ளானும் பேதை உள்ளானும் கொஞ்சம் தள்ளி, மேல மீசை ஆலா. தண்ணி கணுக்கால் அளவுக்குக் கீழ இருக்கணும்.
நடவு முடிஞ்ச வயல்: முதல் ரெண்டு மூணு வாரம் நல்லா இருக்கும். பயிர் தூர் கட்டி மூடிருச்சுன்னா உள்ளான் கிளம்பிடும், கதிர்க்குருவிதான் மிச்சம்.

மருந்து அடிச்ச வாசனை வந்தா அந்த வரப்புல ஏறாதீங்க. அப்புறம் வரப்பு அடுத்தவங்க உழைப்பு. நாலு பேர் வரிசையா நடந்தாலே புது வரப்பு சரிஞ்சிரும். கேட்டுட்டு ஏறுங்க, இல்லேன்னா ரோட்டோரத்துலயே நில்லுங்க.

வத்துக்கழி எழுதியது:
மடையான் சொல்வதில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எல்லா உள்ளானும் ஓதத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. மணல் உப்புக்கொத்தி, வளைந்த அலகுள்ள கர்லூ சாண்ட்பைப்பர், கோட்டான் (ஆந்தை அல்ல, கர்லூ), பவளக்காலி: இவை கழிச்சேற்றை நம்பி இருப்பவை. பொரி உள்ளான், பேதை உள்ளான், விசிறிவால் உள்ளான்: இவை நன்னீர்க்காரர்கள், கழி வற்றினாலும் நிறைந்தாலும் வயலைவிட்டு நகரா. நடுவில் இருப்பவை நெடுங்கால் உள்ளான், கருவால் மூக்கன், பச்சைக்காலி. இவைதான் கழி நிறைந்தால் பக்கத்து வயலுக்கும் குட்டைக்கும் மாறி மாறிப் போகும். ஆகவே வற்றம் 8 மணி என்றால் கழி முதலில். வற்றம் 10க்கு மேல் என்றால் மடையான் வழி, வயல் முதலில். இதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

ராயபுரம் ஆலா எழுதியது:
போக்குவரத்து. சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க ரயில். எண்ணூருக்கு அடுத்து அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி. ஞாயிறு அட்டவணை வேறு, வண்டி குறைவு, முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை பார்த்துக்கோங்க. ஒரு வண்டி விட்டா காலையே போச்சு.

எண்ணூர் தாண்டினதும் ரயில் கழியைக் கடக்கும். போகும்போது இடதுபக்க ஜன்னல். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்து விழும். தண்ணி எவ்வளவு, சேறு தெரியுதா, கூட்டம் எந்தத் திட்டுலன்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும். சேறு தெரிஞ்சா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்புங்க, தண்ணி நிறைஞ்சிருந்தா மீஞ்சூருக்கே போயிடுங்க, அதனால டிக்கெட்டை மீஞ்சூர் வரைக்கும் எடுத்துவைக்கிறது நல்லது.

சாலைப் பாலத்து மேல நின்னு ஸ்கோப் போடாதீங்க. கன்டெய்னர் லாரி ஒவ்வொண்ணும் போறப்ப டிரைபாட் ஆடும், நடைபாதையும் பெயருக்குத்தான்.

கரைநடை எழுதியது:
ரொம்ப நன்றி. ஜன்னல் யோசனை தோணவே இல்லை. கழியில் எந்தக் கரையில் நிக்கணும்? ஸ்கோப்பை 60 வரைக்கும் இழுத்தால் எதுவுமே தெளிவா இல்லை, கண்ணாடியில் கோளாறான்னு சந்தேகம்.

வத்துக்கழி எழுதியது:
கண்ணாடியில் கோளாறு இருக்காது, காற்றில் கோளாறு. ஒன்பது மணிக்கு மேல் சேறும் மணலும் சூடாகிக் கானல் எழும். 60 மடங்கு பெருக்கினால் கானலையும் 60 மடங்கு பெருக்குகிறீர்கள். 20–25ல் வைத்துத் துழாவுங்கள், சந்தேகப் பறவைக்கு 35–40 போதும். டிரைபாட் கால்களை முழுதாக நீட்டாதீர்கள், கடற்காற்றில் நடுங்கும். நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் நிற்கும்.

கரை: காலையில் கடல் பக்கத்துக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். நெட்டுக்குப்பம் பக்கம் அப்படித்தான் அமையும். எதிர்க்கரையில் நின்றால் எல்லாமே கறுப்பு நிழல். நிழலில் கெண்டிஷ் உப்புக்கொத்தி எது, மணல் உப்புக்கொத்தி எது என்று யாராலும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள்.

ஏ.சி. அறையிலிருந்து பைனாகுலரை நேரே எடுத்து வந்தால் அதிகாலை ஈரக்காற்றில் பத்து நிமிடம் ஆவி படிந்திருக்கும். ராத்திரியே பையை மொட்டைமாடிக் கதவுப் பக்கம் வெளியே வைத்துவிடுங்கள். திரும்பியதும் உப்புப் படிந்த கண்ணாடியைச் சட்டைத் தலைப்பால் தேய்க்காமல், முதலில் தூசியை ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். உப்புத்துகள் கண்ணாடிப் பூச்சைக் கீறிவிடும்.

பொரிஉள்ளான் எழுதியது:
உள்ளான் தடுமாற்றத்துக்கு வருகிறேன். புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். வடசென்னையில் ஜனவரி காலையில் கண்ணில் படுவது பத்துப் பன்னிரண்டு இனம்தான். அவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்தால் போதும்.

முதல் ஜோடி, பொரி உள்ளானும் கிரீன் சாண்ட்பைப்பரும். நிற்கும்போது பொரி உள்ளானுக்குக் கண்ணுக்குப் பின்னாலும் நீளும் வெள்ளைப் புருவம், முதுகில் தெளிவான புள்ளி, மஞ்சள் சாயல் கால். மற்றதில் புருவம் கண்ணோடு நின்றுவிடும், முதுகு ஏறக்குறையக் கறுப்பு. பறந்தால் இன்னும் சுலபம்: இறக்கையின் அடிப்பகுதி வெளிறியிருந்தால் பொரி, கறுத்திருந்தால் கிரீன். வயலில் கூட்டமாக இருப்பது பொரி, ஓடையோரத்தில் தனியாக இருந்து திடீரென்று எழுவது கிரீன். காமன் சாண்ட்பைப்பரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: தோளுக்கு முன்னால் வெள்ளை ஆப்பு போல ஏறும், பின்பக்கம் ஓயாமல் ஆடும்.

இரண்டாவது, பச்சைக்காலியும் சதுப்புமண் உள்ளானும். அலகைப் பாருங்கள். சதுப்புமண் உள்ளானுக்குக் ஊசி போல மெலிந்த நேர் அலகு, உடலும் ஒல்லி. பச்சைக்காலிக்கு அடிப்பகுதி தடித்து நுனி லேசாக மேல்நோக்கி. பச்சைக்காலி மூன்று முறை விட்டு விட்டு உரக்கக் கத்தும். அந்தக் குரல் ஒன்றைப் பழகினாலே பாதி வேலை முடியும்.

மூன்றாவது, கெண்டிஷ் உப்புக்கொத்தியும் மணல் உப்புக்கொத்தியும். பின்கழுத்தில் வெள்ளை வளையம் உண்டா? உண்டு என்றால் கெண்டிஷ். மணல் உப்புக்கொத்திக்குப் பின்கழுத்து முழுக்கப் பழுப்பு. பட்டாணி உப்புக்கொத்திக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், பறக்கும்போது இறக்கையில் வெள்ளைக்கோடு இராது. லெஸ்ஸர் என்று பழைய புத்தகங்களில் இருக்கும் மணல் உப்புக்கொத்தியை இப்போது சைபீரியன், திபெத்தன் என இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். குளிர்காலத்தில் களத்தில் இவற்றைப் பிரிக்க முயல வேண்டாம். பட்டியலில் 'சைபீரியன்/திபெத்தன்' என்று சேர்த்துப் போடும் வசதி இருக்கிறது, அதையே போடுங்கள்.

நான்காவது, கொசு உள்ளானும் டெமிங்க் கொசு உள்ளானும். கால் கறுப்பா, மஞ்சள்-பச்சையா. ஆனால் சேறு பூசிய கால் எல்லாமே கறுப்பு! அது நனைந்து கழுவிக்கொண்டு வெளியே வரும்வரை காத்திருங்கள்.

பேதை உள்ளான் எல்லோரையும் ஏமாற்றும், பெயரில் நம்மைத்தான் சொல்லியிருக்கிறார்களோ என்னவோ. ஆண் பெட்டையைவிட நன்றாகவே பெரிது, கால் நிறம் ஆளுக்கொரு மாதிரி. அதனால் 'இரண்டு இனம் கலந்து மேய்கிறது' என்று தோன்றும். சின்னத் தலை, நீண்ட கழுத்து, முதுகில் செதில் செதிலான வடிவம்: இது மூன்றும் இருந்தால் பேதை.

ராயபுரம் ஆலா எழுதியது:
பேர்க் குழப்பமும் சொல்லிடுங்க. பவளக்காலின்னா ரெட்ஷாங்க். சிலர் நெடுங்கால் உள்ளானைப் 'பவளக்கால் உள்ளான்'னு சொல்றாங்க. வாட்ஸ்அப்பில் 'பவளக்காலி 300'னு வந்தா எது 300னு தெரியாது. குறிப்பேட்டில் ஆங்கிலப் பேரையும் தமிழ் எழுத்தில் பக்கத்துல போட்டுக்கோங்க.

பொரிஉள்ளான் எழுதியது:
ஆமாம். பறந்தால் சிக்கலே இல்லை: ரெட்ஷாங்க் இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை. நெடுங்காலின் இறக்கை முழுக்கக் கறுப்பு, கால் வாலுக்குப் பின்னால் குச்சி போல நீளும்.

சேற்றுக்கால் எழுதியது:
பாதுகாப்பைப் பத்தி யாரும் எழுதல. அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்ச இடங்கள் சில சேற்றுத்திட்டு மாதிரியே சாம்பல் நிறத்துல மினுங்கும். மேல ஓடு போலக் காய்ஞ்சிருக்கும், அடியில கூழ். கால் வச்சா முழங்கால் வரைக்கும் இறங்கும், இழுத்தா செருப்பு உள்ளே நிக்கும். பறவை மேயாத 'சேறு' தெரிஞ்சா சந்தேகப்படுங்க. புழுவும் நண்டும் இல்லாத இடத்துல உள்ளானுக்கு வேலை இல்ல.

முட்டிவரை வர்ற ரப்பர் பூட்ஸ் கழிச்சேத்துல உதவாது, உறிஞ்சிப் பிடிச்சிக்கும். கயிறு இறுக்கிக் கட்டின கேன்வாஸ் ஷூ போதும், சேத்துல இறங்காமலே பாக்குறதுதான் சரி. வயல்ல வேற பயம்: அறுப்பு முடிஞ்ச தாள்லயும் வைக்கோல் போர் ஓரத்துலயும் கண்ணாடி விரியன் இருக்கும். வரப்புல குச்சியால தட்டிக்கிட்டே நடங்க, காது ரெண்டுலயும் இயர்போன் வேண்டாம்.

துறைமுகம், மின்நிலையச் சுற்றுச்சுவர்ப் பக்கம் பெரிய லென்ஸைத் திருப்பாதீங்க, காவலர் கேட்பாங்க. அடையாள அட்டை கையில இருக்கட்டும். டிரோன் பேச்சே வேண்டாம்.

எண்ணெய் படிஞ்ச கூழைக்கடாவோ நாரையோ கண்டா (2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு எண்ணூர்ல பார்த்தோமே) துரத்திப் பிடிச்சி சோப்புப் போட்டுக் கழுவாதீங்க. இறகோட நீர்காப்பு கெட்டு, குளிர்லயும் பதற்றத்துலயும் செத்துப்போகும். இடம், நேரம், எத்தனைன்னு குறிச்சி வனத்துறைக்குச் சொல்லுங்க.

மீஞ்சூர் மடையான் எழுதியது:
இன்னொரு தேதி எச்சரிக்கை. போகி அன்னிக்குக் காலையில வராதீங்க. வடசென்னை முழுக்கப் புகை, பனியோட கலந்து தரையிலயே நிக்கும். சில வருஷம் மீனம்பாக்கத்துல விமானமே தாமதமாச்சு, நம்ம பைனாகுலர் எம்மாத்திரம். அதுக்கடுத்த நாளிலிருந்து பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வரும், அதுல சேர்ந்துக்கலாம்.

கரைநடை எழுதியது:
கணக்கெடுப்பில் சேரணும்னுதான் ஆசை. ஆயிரக்கணக்கில் இருந்தால் எப்படி எண்ணுவது? மொத்தக் காலையும் ஒரே பட்டியலா போடலாமா?

வத்துக்கழி எழுதியது:
ஒரே பட்டியலாகப் போட்டால் அது யாருக்கும் பயன்படாது. கழிக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று, ரயில் ஜன்னலில் பார்த்தது தனி. கழி, வயல் பட்டியல் ஒவ்வொன்றும் குறைந்தது 15 நிமிடம், நடந்த தூரம் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள். பறவைப் பட்டியல் பதியும் இ-பேர்ட் செயலியில் கிளம்பும்போதே பட்டியலைத் தொடங்கினால் நேரமும் தூரமும் அதுவே குறித்துக்கொள்ளும். ரயிலில் ஏறும் முன் நிறுத்த மறந்தால் 'எண்ணூரில் 14 கிலோமீட்டர் நடை' என்று விழும், அப்படி நிறைய விழுந்திருக்கிறது.

எண்ணுவது: முதலில் பத்துப் பறவையை ஒன்று ஒன்றாக எண்ணி, அந்தப் பத்து ஸ்கோப் வட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணுக்குப் பழக்குங்கள். பிறகு அதை வைத்து ஐம்பது, நூறு என்று தாண்டித் தாண்டிப் போங்கள். இடமிருந்து வலம் ஒரு முறை, வலமிருந்து இடம் ஒரு முறை. இரண்டும் பெரிதாக வேறுபட்டால் மூன்றாவது முறை. கொசு உள்ளான் கூட்டத்தை எல்லோரும் குறைத்தே எண்ணுவார்கள், ஏனென்றால் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்திருக்கும். இனம் பிரியாத கூட்டத்தை 'சிறிய உள்ளான் வகை' என்று போடுங்கள். எண்ணிக்கை தெரியாது என்று வெறும் குறி போடுவதைவிடத் தோராயமான எண் நூறு மடங்கு மேல்.

எண்ணுவதற்காகக் கிளப்பிவிடாதீர்கள். முதல் பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் நீங்கள் வந்த தூரம் போதும். இரண்டாவது அடி எடுத்துவைத்தால் கூட்டமே எழும். சைபீரியா, மத்திய ஆசியாவிலிருந்து வந்து, மார்ச்–ஏப்ரலில் திரும்பிப் போகக் கொழுப்பு சேர்க்கும் உயிர், வற்றும் மூன்று நாலு மணி நேரத்தில்தான் அதற்குச் சாப்பாடு.

பொரிஉள்ளான் எழுதியது:
போனில் குரல் போட்டு அழைப்பதும் அதே கணக்குதான். நாணல் கதிர்க்குருவிக்குக்கூட வேண்டாம். குரலை வைத்துப் பறவைப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி கேட்கட்டும், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள். லாரி ஹாரனுக்குப் பறவைப் பெயர் சொல்லும்.

ராயபுரம் ஆலா எழுதியது:
பழவேற்காட்டைக் கழட்டி விடுங்க. பொன்னேரியிலிருந்து பஸ்ல 18–20 கிலோமீட்டர், போக வர நேரம் பத்தாது. அதுக்குத் தனி நாள். மழை முடிஞ்ச கையோட ஏரியில தண்ணி அதிகமா இருந்தா பூநாரை தள்ளி வடக்கே ஆந்திரப் பக்கம் ஆழம் குறைஞ்ச இடத்துல நிக்கும். பிப்ரவரி–மார்ச்சுல தண்ணி இறங்கினதும் கிட்ட வரும். படகுல கூட்டிட்டுப் போறேன்னு யார் சொன்னாலும் ஏறாதீங்க. 2011 டிசம்பர் 25 படகு விபத்து அந்த ஊர்ல இன்னும் யாரும் மறக்கல.

கரைநடை எழுதியது:
சரி, திருத்தின திட்டம். வற்றம் 8 மணி வாக்கில் வர்ற ஞாயிறு. மீஞ்சூர் வரை டிக்கெட். 6.15க்கு எண்ணூர் தாண்டும்போது ஜன்னலில் பார்த்து முடிவு. இறங்கினால் 6.45 முதல் 8.45 வரை கழி, 9க்கு மேல் ரயில், 9.30 முதல் 11 வயல். பட்டியல் மூணு. சரியா?

வத்துக்கழி எழுதியது:
ஒரு திருத்தம். ஜனவரியில் சூரியன் உதிப்பதே 6.30க்கு மேல்தான். 6.15க்கு ஜன்னலில் தண்ணீர் தெரியும், பறவை தெரியாது. ஒரு வண்டி பிந்தி வாருங்கள்.

மீஞ்சூர் மடையான் எழுதியது:
வயலுக்கு 9.30ன்னா பூனைப்பருந்தை மறந்துடுங்க, டிராக்டர் ஓடுற வயலாப் பாத்துப் போங்க. ஞாயித்துக்கிழமையும் ஓட்டுவாங்க, நவரைக்குத் தண்ணி விட்டா நாள் கிழமை பாக்க மாட்டாங்க. ஸ்டேஷன்ல இறங்கி காது குடுத்தாலே எந்தப் பக்கம்னு தெரியும்.